ஏழுக்கு ஆகாத எண்

எண் பார்த்துப் பலன் சொல்லும் எண்ணரசர் வந்திருக்கும் நேரத்தில் அந்தத் தையற்கூடத்தில் எவரும் கணக்குப் போடுவதில்லை. எழுதி ஒட்டிய விதி அல்ல. ஆனாலும் கால்குலேட்டர்கள் தாமாகவே இழுப்பறைக்குள் போய்விடும். பெருக்கல் அவர் கைக்கு மட்டுமே உரியது. பிறர் பெருக்கினால் எண் கோபித்துக்கொள்ளுமாம். வாய்ப்பாட்டுக்கு இவ்வளவு ரோஷமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்றும் வாசல்வரை வரிசை. கரும்பலகையில் 142857.

"உலகத்துலயே இப்படி இன்னொரு எண் கிடையாது!" என்றார் எண்ணரசர்.

மேஸ்திரி சொந்தக் கடை திறக்க நினைத்திருந்த தேதி மூன்று. எண்ணரசர் மூன்றால் பெருக்கினார்: 428571. அதே ஆறு இலக்கங்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

"எண் உன்னை ஏத்துக்கிச்சுப்பா!"

கூடம் கைதட்டியது. திறக்காத கடைக்கு மேஸ்திரி அப்போதே முதலாளியாகிவிட்டார்.

துணி வெட்டும் அக்கா மட்டும் கைதட்டவில்லை. அடுத்து நின்றது அவள் தங்கை. பொத்தான் துளைகளுக்குக் காஜா தைப்பவள். ஒரு கண்ணில் புரை விழுந்து, போன வாரம் விரலையும் சேர்த்துத் தைத்திருந்தாள். அறுவைச் சிகிச்சைக்குக் கிடைத்த நாள் ஏழாம் தேதி. விட்டால் இன்னும் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

எண்ணரசர் ஏழால் பெருக்கினார். 999999.

"ஆறு கதவும் அடைச்சிருக்கும்மா. அன்னிக்குக் கத்தி பட்டா கண்ணே போயிடும். தள்ளிப் போடு. அதுவரைக்கும் இந்தச் செப்புத் தகட்டை வாங்கிக் கட்டிக்கோ."

"ஏழாம் தேதி வேண்டாம்க்கா, பயமா இருக்கு," என்றாள் தங்கை.

அக்காவுக்கு அந்த ஆறு இலக்கங்களும் பழைய விருந்தாளிகள். ஒரு மீட்டர் துணியை ஏழு பட்டைகளாகப் பிரிக்கும்போதெல்லாம் அவள் கால்குலேட்டரில் வந்து நிற்பவை. அவர் வருவதற்கு முன்பே, வெட்டுத்தாள் ஒன்றில் வேறு சில எண்களாலும் வகுத்துப் பார்த்திருந்தாள். அந்தத் தாளை நீட்டினாள்: 0588235294117647.

"நான் கணக்குப் போடலைங்க ஐயா. நீங்களே இதை ஏழால பெருக்குங்க."

இத்தனை பேர் பார்க்கும்போது மறுக்க முடியுமா? வியர்த்துக்கொண்டே பெருக்கினார். 4117647058823529.

"அட, பதினாறும் அப்படியே சுத்தி வந்திருக்கே!" என்றார் மேஸ்திரி.

"இந்த எண்ணு ஏழாம் தேதியை ஏத்துக்கிச்சே ஐயா. நாங்க ஆறு இலக்கத்தார் பேச்சைக் கேக்கணுமா, பதினாறு இலக்கத்தார் பேச்சையா?" என்றாள் அக்கா.

"இது... எங்கே பிடிச்சே?"

"ஒண்ணைப் பதினேழால வகுத்தேன். உங்களது ஒண்ணை ஏழால வகுத்தது. ஏழா வெட்டின துணியை மறுபடி ஒட்டுனா முழுத் துணிதானே வரும்? ஒரு நூலிழை குறையுது, அதான் ஒன்பது ஒன்பதா நிக்குது. என்னோடதையும் பதினேழால பெருக்குங்க, இதே கதைதான். இதுல கண்ணு எங்க போகுது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கணக்குப் போடாதீங்க! எண் கோபப்படும்!" என்று கத்தினார் எண்ணரசர்.

எண் சும்மாதான் இருந்தது, கோபம் அவருக்குத்தான். நாம் மூளையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினால் எந்த எண்ணுக்கும் வாய் முளைக்கத்தான் செய்யும்.

தங்கை இழுப்பறையைத் திறந்தாள். கால்குலேட்டரை நல்ல கண்ணுக்கு அருகே பிடித்து, கூடம் முழுதும் கேட்க ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லி அழுத்தினாள்:

"ஒண்ணு... வகுத்தல்... ஏழு."