மெசினைத் தூக்கிக்கொண்டு கதவு திறந்த நாள்

எனக்குத் தைக்கத் தெரியும் என்று நான் சொன்னது முழுப்பொய் இல்லை. நேர்கோட்டில் தைப்பேன். அந்தக் கோடு எங்கே போய் முடியும் என்பது மட்டும் என் கையில் இல்லை. இதை அப்போதே ஒத்துக்கொண்டிருந்தால் வீட்டில் போடுகிற ஒரு நல்ல சோட்டி மிஞ்சியிருக்கும்.

அந்த நாட்களில் துறைமுகப் பக்கம், சரக்கு அனுப்பும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். பக்கத்து மேசை பரீனாவுடையது. அவள் கிண்ணியாவிலிருந்து வருபவள். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் தன் வேலையோடு என் வேலையையும் சேர்த்துச் செய்தாள். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது, எல்லோரும் சேர்ந்து தள்ளுவண்டி ஒன்று வாங்குவோம் என்றார்கள். நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன்:

"கடையில வாங்கினதை ஆரும் குடுக்கலாம். நான் என்ர கையால ஒரு குயில்ற் தைச்சுக் குடுக்கப் போறன்."

வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர் ரவி, "குயிலோ? அதை எப்பிடித் தைக்கிறது?" என்று கேட்டார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு, மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைத்தால் பிள்ளைக்கு ஒரு குட்டிப் போர்வை என்று விளக்கினேன். அவர் மெசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பேப்பரைப் பார்த்தார்.

மெசின் மிகச் சாதாரணமானது. முன்னுக்குத் தைக்கும், பின்னுக்குத் தைக்கும், வளைந்து வளைந்தும் தைக்கும். (கடைசியாகச் சொன்னது மெசினின் வேலையா என் வேலையா என்று இன்றுவரை தெரியாது.) பிளாஸ்ரிக் உடம்பு. ஒரு கையால் தூக்கலாம்.

வீடியோவில் வந்த பெண் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குத் தைக்கச் சொன்னாள். எனக்கு ஓரம்தான் சுகமாக இருந்தது. இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு வந்தேன். துணி போக இடமில்லாமல் நடுவில் கோணமலை மாதிரி ஒரு மேடு எழும்பியது. முழுவதையும் பிரித்தேன். மறுபடி தைத்தபோது அடித்துணி சுருங்கியது. அதையும் பிரித்தேன். பிரிக்கிற வேலையில் மட்டும் எனக்கு நல்ல கைத்திறன் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அலுவலக வான் பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்றரைக்கு இன்னும் மூன்று வரி மிச்சம் இருந்தது. ரவி தலைமயிர் வெட்டப் போயிருந்தார். குயில்ற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெசினை ஓட விட்டேன். இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரியின் முடிவில் 'கறக்' என்று ஒரு சத்தம். ஊசிக்குக் கீழே நூலெல்லாம் காகக்கூடு மாதிரிச் சிக்கி, துணி மெசினை விட்டு வர மறுத்தது. சரி, எழும்பிக் கத்தரிக்கோலை எடுப்போம் என்று பார்த்தால் என்னால் எழும்ப ஏலவில்லை. நான் போட்டிருந்த நீளச் சோட்டியையும் குயில்ற்றோடு சேர்த்து மூன்று வரி தைத்திருந்தேன்.

கத்தரிக்கோல் அறையின் மறுபக்கம் கதிரையில் இருந்தது. வெளியே வான் ஹோர்ன் அடித்தது. உடனேயே கதவைத் தட்டினார்கள்.

மெசின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினேன். மெசினைக் குயில்ற்றோடு சேர்த்துச் சுற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய், முழங்கையால் கதவைத் திறந்தேன்.

வாசலில் எங்கள் மனேஜர் நின்றார். மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். அதிகம் கதைக்க மாட்டார். அவர் என் கையிலிருந்த பொதியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை நித்திரையோ?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. "ஓம் சேர்" என்றேன்.

மனிதர் சப்பாத்தைக் கழற்றி, நுனிக்காலில் நடந்து வந்து, கதிரையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். பின்னால் வந்த சுகந்திக்கு, எங்கள் தட்டச்சுக்காரிக்கு, எனக்குப் பிள்ளை இல்லை என்பது நன்றாகத் தெரியும். அவள் வந்து துணியை விலக்கிப் பார்த்தாள்.

"சேர், இந்தப் பிள்ளைக்கு வயர் இருக்கு" என்றாள்.

மனேஜர் மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வயிறு மட்டும் குலுங்கியது.

சுகந்தி சிக்கலை வெட்டி மெசினைப் பிரித்தாள். குயில்ற்றிலிருந்து சோட்டியைப் பிரிப்பதற்கு நேரமில்லை. கிண்ணியாவில் வட்டிலப்பம் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அறைக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, சோட்டி தொங்கும் குயில்ற்றை வெளியே கொண்டு வந்தேன். சுகந்தி தையலைச் சுற்றி ஒரு சதுரமாக வெட்டினாள். பின்பக்கத்தில் என் சோட்டித் துண்டு ஒட்டுப்போட்ட மாதிரி நின்றது. அழகாகத்தான் இருந்தது. அதில் பொக்கற்றும் இருந்ததை அவசரத்தில் நாங்கள் கவனிக்கவில்லை.

பரீனாவின் மாமியார்தான் பரிசைப் பிரித்தார். முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து நல்ல வேலை என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு திருப்பினார். அவருடைய விரல் பொக்கற்றில் வந்து நின்றது.

"இந்தப் பொக்கற் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்க முன்னர் மனேஜர் முந்திக்கொண்டார். "அது பிள்ளையின்ர சூப்பிப் போத்தல் வைக்கிறதுக்கு" என்றார், கப்பல் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அதே முகத்தோடு. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஒரு நிமிடம் நான் கிழக்கு மாகாணத்தின் தலைசிறந்த தையல்காரியாக இருந்தேன்.

பரீனா ஆசையோடு பொக்கற்றுக்குள் கையை விட்டாள். ஒரு மடித்த கடதாசி வந்தது. விரித்துச் சத்தமாக வாசித்தாள்.

"அரைக் கிலோ சூடை மீன். வெங்காயம். சவர்க்காரம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது உங்கட கையெழுத்து தானே?"

முழுக்கதையையும் சொன்னேன். வயர் வைத்த பிள்ளை வரைக்கும் சொன்னேன். பரீனா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்க வேண்டாம், நோகுது என்று கெஞ்சினாள். சிரித்து முடிந்ததும் அந்தக் குயில்ற்றைத்தான் பிள்ளைக்குப் போர்த்தினாள். மற்றவர்கள் வாங்கி வந்த தள்ளுவண்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதும் மெசினை மூடி வைத்திருந்தால் ரவி நுனிக்காலில்தான் அதைக் கடந்து போவார். பரீனாவின் மகளுக்கு ஆறு வயதாகிவிட்டது. எழுதப் பழகிய நாளிலிருந்து, நான் வரப்போகிறேன் என்றால், தனக்கு வேண்டிய சாமானைக் கடதாசியில் எழுதி அந்தப் பொக்கற்றில் வைத்துவிடுகிறாள். நான்தான் எடுத்து வாசிக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். கலர்ப் பென்சில், ரொபி, ஒருமுறை பூனைக்குட்டி. போன மாதம் போனபோது ஒரே ஒரு வரிதான் இருந்தது:

"பொக்கற் சின்னன். பெரிசாத் தைச்சுத் தாங்க அன்ரி."