இன்றைய மெழுகு: நீலம்

சாக்பீஸும் கையுமாக ஹால்ஸ்டைன் கால் மணி நேரமாகக் கரும்பலகை முன்னால் நின்றார். "இன்றைய மெழுகு:" வரை எழுதியாயிற்று. மிச்சம்தான் சிக்கல். நீலமா, சிவப்பா?

குளிர்ந்த பனிக்கு நீலம், ஈரப் பனிக்குச் சிவப்பு. காலில் மாட்டும் சறுக்குக் கட்டையான ஸ்கீயின் அடியில் சரியானதைத் தேய்த்தால் மேடு ஏறலாம். தவறினால் பின்னால் வழுக்கும், அல்லது பனி அப்பிக்கொண்டு நகராது. இதெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தைக்கும் தெரியும். இன்றைய பனி எந்த ரகம் என்பதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும். அதற்காகத்தான் ஊர் ஸ்கீ மன்றம் பன்னிரண்டு வருடமாகச் சாக்பீஸை அவரிடம் விட்டுவைத்திருந்தது.

ஞாயிறுதோறும் எல்லோரும் பலகையைக் கவனமாகப் படிப்பார்கள். நன்றி சொல்வார்கள். விறுவிறுவென்று மேடேறிப் போவார்கள். அவர் மட்டும் வழுக்குவார். வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். போன வாரம் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்; எல்லோரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். அதுதான் வலித்தது. இன்னொரு முறை வழுக்கினால் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அன்றே முடிவெடுத்தார்.

மனசு சிவப்பு என்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக மனசை நம்பாமல், பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் மைத்துனருக்கு போன் போட்டார். அவர் பழைய பந்தய வீரர்.

"மச்சான், இன்னைக்கு எது?"

"ராத்திரி விழுந்த புதுப் பனி. நிழல்ல இன்னும் குளிருது. நீலம்தான். ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

நீலம் என்று எழுதினார்.

மன்றத் தலைவர் ஐலர்ட் வந்து படித்தார். "நல்லா யோசிச்சுத்தானே எழுதின?"

"சந்தேகமே இல்ல."

"அது போதும்ப்பா. நன்றி." மெழுகு அறைக்குள் போய்விட்டார்.

அன்று மேடு ஹால்ஸ்டைனுக்குச் சமதரையாக இருந்தது. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. கீழே மொத்த மன்றமும் ஒரு சாண் உயரம் கூடி நின்றது. ஒவ்வொரு ஸ்கீக்கு அடியிலும் பனி கட்டியாக அப்பியிருந்தது.

இறங்கி ஓடினார். "பூச்சு பத்தல. இன்னொண்ணு போடுங்க."

"அதே பலகைப்படிதானா?" என்றார் ஐலர்ட்.

"எழுதினத நான் மாத்த மாட்டேன். கனமாவே போடு."

போட்டார்கள். இப்போது இரண்டு சாண். ஐலர்ட் ஒரு அடி எடுத்து வைத்தார். வெட்டிய மரம் போல நிதானமாகப் பக்கவாட்டில் சாய்ந்தார்.

கடைசியில் எல்லோரும் ஸ்கீயைக் கழற்றிவிட்டு நடந்தே ஏறினார்கள். ஸ்கீ ஓட இயந்திரம் விட்டுச் செதுக்கிய தடம் முழுக்கக் காலடிக் குழி. அந்த ஊரில் விவாகரத்தைக்கூட மன்னிப்பார்கள், இதை மாட்டார்கள்.

மலைக்குடிலில் வாஃபிள் மணத்தது. ஹால்ஸ்டைன் சாக்பீஸை மேசைமேல் வைத்தார்.

"நான் விலகிக்கிறேன். உங்கள எல்லாரையும் நடக்க விட்டுட்டேன். என்னோடது மட்டும் எப்படி ஏறிச்சுன்னுதான் தெரியல."

ஐலர்ட் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த போர்க்ஹில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாக்பீஸ எடு, ஹால்ஸ்டைன். பன்னெண்டு வருஷமா நீ எழுதுறதுக்கு நேர் எதிரானதத் தேய்ச்சு நாங்க ஒரு நாளும் தடுமாறினதில்ல. இன்னைக்குன்னு பாத்து ஏம்ப்பா சரியா எழுதின?"