மாப்பிள்ளை முறுக்கு

முட்டை எடுக்கப் போனவர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். வெளியே கதவின் அடியில் 'டக் டக்'கென்று யாரோ கோபமாகத் தட்டுவதுபோல் கொத்துச் சத்தம்.

"முட்டை எங்கங்க?" என்றாள் மனைவி. குளியலறையில் வழுக்கிக் கால் சுளுக்கிவிட்டதென்று, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் இடலை போல."

"அத்தனை கோழியுமா இடலை? சரி, இன்னொரு செருப்பு?"

"அது... அங்கேயே இருக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன்."

அவர் தீயணைப்பு நிலைய அதிகாரி. போன மாதம்தான் எரிகிற மாடிக்குள் தனியாளாகப் புகுந்து, ஒரு குடும்பத்தையே தோளில் சுமந்து கொண்டுவந்திருந்தார். அதற்காக அன்று சாயங்காலம் அவருக்கு வீரப் பதக்கம் கொடுப்பதாக இருந்தார்கள். இஸ்திரி போட்ட சீருடை அறையில் விறைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவருக்குச் சிம்மசொப்பனம், கொல்லைப்புறத்துச் சேவல். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் மதிக்காமல், எந்நேரமும் முறைத்தபடி திரிந்ததால் அதற்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"என்கிட்ட அது பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும்," என்றாள் மனைவி. "நான் தினமும் போய் எடுத்துட்டு வரலையா? நீங்க பயப்படறீங்க. அது கண்டுபிடிச்சுடுது."

"பயமா? எனக்கா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய், நெருப்புக்குள் இறங்கும்போது போடுகிற கோட்டு, முழங்கால் வரைக்கும் பூட்ஸு, கண்ணாடி வைத்த ஹெல்மெட் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்தார்.

"முட்டை எடுக்கப் போறீங்களா, எரிமலையை அணைக்கப் போறீங்களா?" என்றாள் அவள்.

அவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

மாப்பிள்ளை வந்தது. நிமிர்ந்து பார்த்தது. ஹெல்மெட் கண்ணாடிக்குள் இன்னொரு சேவல் தன்னையே முறைப்பதைக் கண்டது. அவ்வளவுதான்! இதுவரை ஆளைத்தான் விரட்டிக்கொண்டிருந்தது. இப்போது பங்காளியே வந்துவிட்டான். எகிறி முகத்துக்கே பாய்ந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டுக் கொய்யா மரத்துக்குப் பின்னால் ஒளிந்தார்.

"பின்வாங்காதீங்க சார்!" மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவின் தலை தெரிந்தது. "பின்வாங்கினா அது ஜெயிச்சுட்டதா நினைச்சுக்கும். பிடிச்சுக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நடங்க. பெட்டிப் பாம்பா அடங்கிடும்!"

"இடுக்கறதுக்கு முதல்ல பிடிக்கணுமே டாக்டர்!"

"கோட்டைக் கழற்றி மேல போடுங்க!"

போட்டார். குறி தப்பவில்லை. மாப்பிள்ளை கோட்டுக்கடியில் மறைந்தது. ஒரு கணம் தோட்டமே அமைதியானது. அவர் மெல்லக் குனிந்தார். அதற்குள் கோட்டு தானாகவே எழுந்து ஓடத் தொடங்கியது. தலையில்லாத கோட்டு ஒன்று தங்களை நோக்கி ஓடிவருவதைப் பார்த்த கோழிகள் அலறிக்கொண்டு நாலாபக்கமும் பறந்தன. ஒன்று டாக்டரம்மாவின் தலையிலேயே போய் இறங்கியது.

"தண்ணி! தண்ணியைப் பீய்ச்சுங்க!" என்று கத்தினாள் டாக்டரம்மா, கோழியைத் தலையிலிருந்து பிய்த்தெடுத்தபடி.

அது அவர் தொழில் அல்லவா? பாய்ந்து போய்த் தோட்டக் குழாயைத் திறந்தார். மாப்பிள்ளை தண்ணீருக்கு லாகவமாக ஒதுங்கி ஒதுங்கி, நனையாமலேயே நெருங்கி வந்தது. நனைந்தது தரைதான். தோட்டம் சேறானது. அவர் சறுக்கினார், எழுந்தார், மறுபடி சறுக்கினார். ஒரு பூட்ஸைச் சேறு பிடித்துக்கொண்டது. கடைசியில் எப்படி ஏறினோம் என்று தெரியாமலேயே கோழிக்கூண்டின் தகரக் கூரைமேல் போய் உட்கார்ந்திருந்தார்.

கீழே மாப்பிள்ளை காவல்காரன்போல் சுற்றிச் சுற்றி வந்தது.

"அசையாதீங்க சார், தகரம் தாங்காது! நான் ஆளைக் கூப்பிடறேன்!"

"வேண்டாம் டாக்டர்! யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க, அவங்களை மட்டும்..."

டாக்டரம்மா அதற்குள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஹலோ, தீயணைப்பு நிலையமா? இங்க ஒருத்தர் கோழிக்கூண்டு மேல மாட்டிக்கிட்டார்."

சைரன் ஊளையிட்டுக்கொண்டே நெருங்கியது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று நினைத்தார். ஆனால் பூமியில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தது.

வண்டி வீட்டு வாசலில் நிற்காமல் நேரே பின்சந்துக்கே வந்து நின்றது. அவருடைய டிரைவர்தான் முதலில் இறங்கினார். கூரைமேல் இருப்பவரைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தார். பிறகு கை தானாகவே உயர்ந்து சல்யூட் அடித்தது. அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி சோளத்தை எடுத்து வேலி மூலையில் இறைத்தார். மாப்பிள்ளை அங்கே ஓடியது. மூலையில் கிடந்த பெரிய கூடையை எடுத்து அதன்மேல் கவிழ்த்தார். ஏணியைக் கூரையில் தகரம் வளையாத இடமாகப் பார்த்துச் சாய்த்தார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

'நான் பழக்கின ஆளு, சும்மாவா?' என்று அந்த நிலைமையிலும் அதிகாரிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இதற்குள் மனைவி நொண்டிக்கொண்டே பின்கதவு வரை வந்துவிட்டிருந்தாள். டிரைவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், உதட்டில் விரலை வைத்தாள். தன் மானத்தைக் காப்பாற்ற எப்படித் துடிக்கிறாள் பாவம் என்று அதிகாரிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

கடைசிப் படியில் நின்று டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலம் பதக்கம் வேற வாங்கணும்ப்பா," என்று காதோடு காதாகச் சொன்னார். "இது நம்மளோட போகட்டும். வெளியில தெரிஞ்சா என் மானமே போயிடும்."

"என்ன சார், எங்களைத் தெரியாதா உங்களுக்கு?" என்றார் டிரைவர், மனம் நொந்துபோய். "நீங்க மீட்டிங் போற நாளெல்லாம் மேடத்தை இதே கூரையிலேருந்துதானே இறக்கிவிடறோம், ஒரு நாளாவது உங்ககிட்ட மூச்சு விட்டிருக்கோமா?"