செக்ரட்டரிதான் கையெழுத்து வைக்கவேண்டும்

அந்தச் சனிக்கிழமை எங்கள் அம்மருட் மாடிக்குடியிருப்பின் புல்வெளியில் நின்றவர்கள்: கப்டன், நான், என் மனைவி, மூன்றாம் மாடி நோர்வேக்கார அம்மா, அவருடைய நாய். நாயை நான் எண்ணவில்லை. கப்டன்தான் எண்ணினார்.

"ஐஞ்சு பேர். செக்ரட்டரி ஏழு நிமிசம் பிந்தி. அம்பது குரோணர் தண்டம்."

செக்ரட்டரி நான்தான். ஒஸ்லோவுக்கு வந்த இத்தனை வருடத்தில் என் இரத்தக் கொதிப்பைக் கப்டனைப்போல ஏற்றியவர் ஒருவரும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டம் செய்தவர். தொண்டர் படையில் அதிகாரி. கிராமச் சங்கத் தலைவர். எண்பது தாண்டி எங்கள் குடியிருப்பில் இருக்கும் மகளிடம் வந்து சேர்ந்த பிறகும் இந்த மூன்றில் ஒன்றையும் அவர் இராஜினாமாச் செய்யவில்லை.

இங்கே வசந்தம் வந்தால் குடியிருப்பவர்கள் கூடி வளவைத் துப்புரவாக்க வேண்டும். டுக்னாட் என்பார்கள். கூலி இல்லை, முடிவில் ஆளுக்கொரு சொசேஜ். எங்கள் வாசலுக்கு யார் பொறுப்பு என்று கையெழுத்துக் கேட்டுக் கடதாசி வந்தபோது, கப்டன் அதை என்னிடம் நீட்டினார்.

"பொறுப்பு நீங்கள்தானே ஐயா?"

"தலைவர் கையெழுத்து வைக்கிறதில்லை. செக்ரட்டரிதான் வைக்கிறவர். வையும்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பஸ் கழுவிப் பிழைக்கிறவனை ஒருவர் செக்ரட்டரி என்றால் அவன் என்ன செய்வான்? வைத்தேன்.

குடியிருப்புச் சங்கம் கேட்டது சருகு கூட்ட. கப்டன் புல்வெளியைக் கொத்தி, பாத்தி கட்டி, வாய்க்கால் இழுத்து, வெங்காயம் நட்டார்.

"ஐயா, புல்லைக் கொத்தச் சொல்லி ஒருத்தரும் சொல்லயில்லை."

"மாடும் இல்லை, ஆடும் இல்லை. பிறகென்னத்துக்குப் புல்லு?"

பத்தாம் நாள் கடிதம் வந்தது, என் பெயருக்கு. புல்வெளியைப் பழையபடி ஆக்கு, இல்லையேல் செலவு உன்னுடையது, கூட்டத்துக்கு வந்து விளக்கம் சொல். வீட்டை விட்டே எழுப்பிவிடுவார்கள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்டனிடம் ஓடினேன்.

"பயப்பிடாதையும். யாழ்ப்பாணத்தை ஆண்ட வெள்ளைக்கார ஏஜென்ட் துரையே எனக்குக் கடிதம் போட்டவர். நான் மறுமொழி போடயில்லை."

"அது உங்களுக்கு வந்தது ஐயா. இது எனக்கெல்லோ வந்திருக்கு."

அவர் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். அதுவும் எனக்குக் கோபம்தான்.

கூட்டத்தன்று அடுப்பு அணைந்ததா என்று மூன்று தரம் திரும்பிப் பார்த்ததில் எனக்குப் பிந்திவிட்டது. உள்ளே போனால் கப்டன் காக்கிக் கோட்டோடு விறைப்பாக நிற்கிறார். அவருடைய பழைய ஆங்கிலத்தில் சங்கத் தலைவியிடம் சொல்லிக்கொண்டிருந்ததன் சாரம் இது: "கட்டளை போட்டது நான். செக்ரட்டரி என் சொல்லைக் கேட்டவர் மட்டும். அவரிடம் ஒன்றும் கேட்கக்கூடாது. புல்லை நானே போட்டுத் தருகிறேன்."

தலைவி கடிதத்தில் என் பெயரை வெட்டிவிட்டு அவருடைய பெயரை எழுதினார்.

எண்பத்துமூன்று வயது மனிதர் நான்கு சனிக்கிழமை தனியே அந்த மண்ணை நிரவிப் புல்விதை போட்டார். நான் மண்வெட்டியைப் பிடிக்கப் போனால், "செக்ரட்டரிக்கு மண்வெட்டி வேலை இல்லை. போய் இரும்" என்று துரத்தினார். சொல்லுங்கள், இது என்ன நியாயம்? ஊர் பார்க்க என்னைச் சும்மா நிற்கவைத்தார்.

கூட்டத்துக்குப் பிந்தியதற்கும் இன்னொரு ஐம்பது குரோணர் தண்டம் போட்டார். இரண்டுக்கும் ஒரு சதம் தரமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். அடுத்த வசந்தத்துக்கு அவர் இல்லை. புல் நன்றாக வந்திருந்தது. டுக்னாட்டுக்கு நான் ஏழு நிமிடம் முந்தியே போய் நின்றேன்; எண்ணுவதற்கு ஆளில்லை.

நூறு குரோணர், ஐயா. இன்னும் நான் தரவேண்டியிருக்கிறது.