அத்தையும் பதினான்காம் பிரிவும்

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மனிதர்கள் தூங்க வேண்டிய நேரம் இது. எங்கள் வீட்டில் அந்தக் கடமையை உங்கள் தம்பி ஒருவர்தான் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார், குறட்டை சமையலறை வரை கேட்கிறது. குழந்தைக்குப் பல் முளைக்கிறது. இடது கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால் தட்டுகிறேன், எழுத்துப் பிழைகளைப் பல்லின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு மேலே போகத்தான் பார்த்தேன், விரல் வரவில்லை. அத்தை என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது, அண்ணி.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போனில் பேசினால் உங்கள் அம்மா காதில் விழாத இடம் குளியலறை மட்டும்தான், அதுவும் குழாயைத் திறந்துவிட்டால்தான். விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலையில் கிளம்புகிறேன் என்று அத்தை சொல்லிவிட்டார். என்னிடம் அல்ல, குழந்தையிடம். "உங்க பாட்டி திங்கக்கிழமை காலையில கிளம்புறேண்டா கண்ணு, உங்க அம்மாவை சமாளிச்சுக்கச் சொல்லு." எங்கே என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. உங்களிடம்தான் வருவார், மகள் வீட்டைத் தவிர எங்கே போவார்? அதற்கு முன் நடந்ததை நீங்கள் என் வாயால் கேட்டுவிட வேண்டும். தப்பு முழுக்க என்னுடையது. கொஞ்சம் நிதித்துறையுடையதும்தான்.

எனக்கு என்ன வேலை என்று நம் சொந்தத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. விசேஷ வீடுகளில் "வக்கீல்தான், ஆனா கோர்ட்டுக்குப் போக மாட்டா" என்று ஏதோ வெளியே சொல்ல முடியாத வியாதியைச் சொல்வது போலச் சொல்வார்கள். நாடு முழுவதற்கும் ஒரு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப் போகிறார்கள், அண்ணி. முதுமை, நோய், பிரசவம், வேலை போவது, சம்பாதிப்பவர் போய்ச் சேருவது, இதில் எது வந்தாலும் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கான சட்டம். அதை எழுதும் குழுவுக்கு நான் சட்ட ஆலோசகர். ஒப்பந்த வேலை. பேறுகால விடுப்பைப் பற்றிய பிரிவை நான்தான் எழுதினேன், பிரசவமான சில வாரங்களில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு. ஏனென்றால் ஒப்பந்த ஆலோசகர்களுக்குப் பேறுகால விடுப்பு கிடையாது. குழுவில் யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. நான் மட்டும் ஒரு தடவை சத்தமாகச் சிரித்தேன், குழந்தை எழுந்துவிட்டது.

எங்கள் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் நின்று, மூச்சு விட்டு, அடுத்த சொல்லுக்குப் போவார் என்பதால் அவருக்குப் பெயரே காற்புள்ளி. அவர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். பிரிவை எழுதுகிறவர் தனக்குத் தெரிந்த ஓர் உயிருள்ள ஆளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதி முடித்ததும் அந்த ஆளை அந்தப் பிரிவுக்குள் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்: சட்டம் தாங்குகிறதா, ஓட்டையில் விழுகிறாரா? இதற்குச் சோதனை ஆள் என்று பெயர். மற்ற ஆலோசகர்கள் தங்கள் டிரைவரையும் முடிதிருத்துபவரையும் வைத்துக்கொண்டார்கள். நான் அத்தையை வைத்துக்கொண்டேன். ஆசையாகத்தான், அண்ணி. ஏனென்றால் உங்கள் அம்மா அளவுக்கு ஓட்டைகளில் விழக்கூடிய ஆள் இந்த நாட்டிலேயே கிடைக்க மாட்டார். எத்தனையோ வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் துளை தைத்து, காஜா எடுத்திருக்கிறார். கடைக்காரர் "எங்க ஆளு இல்லை" என்பார், துணி கொண்டுவந்து போடுகிறவர் "அந்தம்மா சொந்தத் தொழில் பண்றாங்க" என்பார். ஆக அத்தை தொழிலாளியும் இல்லை, முதலாளியும் இல்லை. பிறகு மாமா படுத்த படுக்கையாக இருந்தபோது அவரைப் பார்த்துக்கொண்டது வேலை இல்லை. இப்போது என் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் வேலை இல்லை. ஓய்வூதியப் பிரிவில் விழுந்தார், காயப் பிரிவில் விழுந்தார், நோய்ப் பிரிவில் வாசற்படியிலேயே விழுந்தார். காற்புள்ளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பார், "இதுலயும், அந்தம்மா, விழுந்துட்டாங்களா?" நான் சொல்வேன், "விழுந்துட்டாங்க சார்." தட்டச்சு செய்கிற பெண் "பாவம்" என்பாள். உடனே எல்லோரும் சேர்ந்து பிரிவைத் திருத்துவோம்.

இப்படியே அத்தை குழுவில் பெரிய ஆளாகிவிட்டார். அவருடைய இடது முட்டிவலி ஊனத்தில் சேருமா என்று ஒரு பிற்பகல் முழுக்க விவாதம் நடந்தது. நிதித்துறையிலிருந்து வரும் அதிகாரி, எதைச் சொன்னாலும் "எவ்வளவு ஆகும்?" என்பதே அவர் பேச்சு, அவரே ஒருநாள் தேநீர் நேரத்தில் "அந்தம்மாவுக்கு முட்டி இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். வாரிசுதாரர் பிரிவு வந்தது. அண்ணி, அந்தப் பிரிவைச் சோதிக்க யாராவது செத்தாக வேண்டும். மன்னியுங்கள், உங்கள் தம்பியைத்தான் கொன்றேன். முதல் தடவை கொன்றபோது அத்தைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லாம் எனக்கே வந்தது. எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. திருத்தி மறுபடி கொன்றோம், பாதி வந்தது. கடைசியாகக் கொன்றபோது அத்தைக்கு உரியது சரியாக வந்து சேர்ந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அன்று மாலை உங்கள் தம்பி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். "என்ன ஆச்சு உனக்கு? தூக்கம் பத்தலையா?" என்றார்.

இது எதையும் நான் அத்தையிடம் சொல்லவில்லை. சட்டம் வந்ததும் மொத்தமாகச் சொல்லி அசத்தலாம் என்று நினைத்தேன். படித்தவள் புத்தி.

முந்தாநாள் குழந்தை புட்டிப்பாலைத் தொடவே இல்லை. அத்தை வேறு வழியில்லாமல் தூக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நான் கூட்ட அறையில், கதவு சாத்தியிருக்கிறது. வெளியே நடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். அப்போது பார்த்து அந்த நிதித்துறைக்காரர் போன் பேச வெளியே வந்திருக்கிறார். என் குழந்தையின் படம் என் கணினித் திரையில் இருப்பதைப் பார்த்தவர். குழந்தையைப் பார்த்தார், அத்தை முட்டியைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. பிறகு நடந்த பேச்சை அங்கேயே நின்றிருந்த உதவியாளர் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"அம்மா! நீங்க அந்த இடது முட்டி அம்மாதானே?"

"ஆமா... நீங்க டாக்டருங்களா?"

"இல்லைங்கம்மா, நிதித்துறை."

"நிதித்துறைக்கு என் முட்டி எப்படிங்க தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்மா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்க பையன் செத்தா இனிமே உங்களுக்கு மாசாமாசம் வந்துடும். போன வாரந்தான் சரி பண்ணோம்."

அத்தை உடனே உங்கள் தம்பிக்குப் போன் போட்டிருக்கிறார். எடுக்கவில்லை. அவர் அலுவலகத்துக்குப் போட்டிருக்கிறார். அன்றைக்கென்று அங்கே தீயணைப்புப் பயிற்சி. எல்லோருடைய போனையும் மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். வாசல் காவலாளி எடுத்து, "உள்ள தீங்கம்மா, ஆளுங்க எல்லாம்..." என்று ஆரம்பித்தவர், மேலதிகாரி வருவதைப் பார்த்துப் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கதவு திறந்த வேகத்தை எப்படி எழுதுவது, அண்ணி? இடுப்பில் குழந்தை, குழந்தை கையில் யாருடைய அடையாள அட்டையோ, அத்தை வாசலில் நின்று "என் புள்ளைக்கு என்னடி ஆச்சு?" என்று கத்தினார். காற்புள்ளி எழுந்து, "யார், இவங்க?" என்றார். பின்னாலேயே வந்த நிதித்துறை, "சார், நம்ம சோதனை அம்மா!" என்றது. அவ்வளவுதான், முழுக் குழுவும் எழுந்து நின்றுவிட்டது. தட்டச்சுப் பெண் ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உங்கள் தம்பி உயிரோடுதான் இருக்கிறார் என்பதைப் புரியவைத்து, அவரே காவலாளியின் போனில் வந்து "அம்மா, வெயில்ல நிக்க வெச்சிருக்காங்கம்மா" என்று அழாத குறையாகச் சொன்ன பிறகுதான் அத்தைக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு எதிரே பார்த்தார். பெரிய திரையில் அன்றைய பிரிவு ஓடிக்கொண்டிருந்தது. மேலே நான் எழுதிவைத்த குறிப்பு: "சோதனை ஆள்: பெண், கணவரை இழந்தவர். வருமானம் இல்லை. வேலை இல்லை. மகனைச் சார்ந்து வாழ்பவர்."

அத்தை அதை வாசித்தார். கூட்டிக் கூட்டி, உதடு அசைய. குழந்தையை என்னிடம் கொடுத்தார். "பால் குடு, பசியில இருக்கு" என்றார். அதுதான் கடைசியாக என்னோடு பேசியது.

மாலையில் உங்கள் தம்பி சமாதானப்படுத்தப் போனார். "அம்மா, அது சும்மா சட்ட பாஷைம்மா" என்றார். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "சட்ட பாஷையில எனக்கு வேலை இல்லையாடா? அப்ப இந்த எட்டு மாசமா உன் பொண்டாட்டி யாரை நம்பிக் கதவைச் சாத்திட்டு ஆபீஸ் போறா? யாரு யாரைச் சார்ந்து இருக்காங்கன்னு அதையும் பெருசாப் போட்டுக் காட்டச் சொல்லு." உங்கள் தம்பி திரும்பி வந்து, "கேஸ் கொஞ்சம் வீக்குதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

நான் என்ன சொல்வது? அந்த வரி அத்தையை இகழ்வதற்கு எழுதியதில்லை. இப்போதிருக்கிற சட்டம் அவரை அப்படித்தான் பார்க்கிறது, அதை மாற்றத்தான் இவ்வளவு பாடும். பதினான்காம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அண்ணி. வீட்டில் குழந்தையை, நோயாளியை, முதியவரைப் பார்த்துக்கொள்வதும் வேலைதான், அந்த ஆண்டுகளும் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் என்று சொல்கிற பிரிவு. திங்கட்கிழமை அதன் மேல் முடிவு. முட்டியை விசாரித்த அதே மனிதர்தான் அதை எடுத்துவிடச் சொல்கிறார்: "வீட்டு வேலை எல்லாம் வேலைன்னா நாடே வேலை செய்யுதுன்னு ஆயிடுமே, எவ்வளவு ஆகும்?" நான் அங்கே போய் வாதாட வேண்டும். அத்தை கிளம்பிவிட்டால் குழந்தையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நேற்று முழுக்க அந்தக் குரல் இல்லாத வீட்டில் இருந்து பார்த்தேன். தட்டு வைக்கிற சத்தம் மட்டும் வருகிறது. மன்னிப்புக் கேட்கலாமென்று பக்கத்தில் போனால் குழந்தையிடம் "அம்மாவுக்கு வேலை இருக்குமே" என்கிறார்.

அதனால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அத்தையை வர வேண்டாம் என்று நீங்கள் சொல்ல முடியாது, நானும் சொல்லச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், ஒரு வாரம் பொறுத்து வாங்கம்மா என்று சொல்லலாம். பொய் சொல்லச் சொல்வதாக நினைக்காதீர்கள், நான் சட்டம் படித்தவள். சும்மா ஒரு சுவருக்காவது அடிக்க ஆரம்பித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என் முத்தங்கள். எல்லோருக்கும் நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும். தூக்கம் மிச்சமிருந்தால் இந்தப் பக்கம் கொஞ்சம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பும் பயமும் உள்ள தம்பி மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். வெள்ளையடிக்க வேண்டாம். இப்போது அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். நான் அழுதுகொண்டு தட்டுவதைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார். சொன்னேன். "நான் எப்ப அவ வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்? உங்க ஆபீசுக்குப் போறேன்" என்றார். நேற்று காற்புள்ளியே போன் செய்து, திங்கட்கிழமை குழுவின் முன் வந்து பேச முடியுமா என்று கேட்டாராம், நிதித்துறைக்காரர் "எவ்வளவு ஆகும்" என்று மறிப்பதையும் சொன்னாராம். "அந்தத் தாத்தா வாக்கியத்தை முடிக்கறதுக்குள்ள குழம்பே கொதிச்சிடுச்சு. வரேன்னுட்டேன். அந்த எவ்வளவு ஆகும்கிட்ட எவ்வளவு ஆச்சுன்னு நானே சொல்றேன்." என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்டேன். "முதல்ல அந்த வரியை எடு, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, தொட்டில் ஆட்டுவதைத் தானே வாங்கிக்கொண்டார். ஆக, திங்கட்கிழமை அத்தையும் கிளம்புகிறார், நானும் கிளம்புகிறேன். குழந்தையைத் தானே பார்த்துக்கொள்வதாக உங்கள் தம்பி தூக்கத்திலேயே சொன்னார், அதனால்தான் பயமாக இருக்கிறது. ஞாயிறு மாலையே நீங்கள் இங்கே வந்துவிட முடியுமா, அண்ணி? சீக்கிரம் பதில் போடுங்கள்.