திண்டுக்கல்லா, மதுரையா?

ஆசிரியர் தேர்வு முடிவு வந்த அன்று, மார்க்கையன்கோட்டையில் ஒரே வீட்டில் சிரிப்பும் சண்டையும் சேர்ந்து கேட்டன. தங்கபாண்டிக்கு வேலை, பட்டியலில் கடைசி இடம். அவன் மனைவி அனுசுயாவுக்கு ஒரே ஒரு மார்க்கில் கைநழுவிப் போயிற்று.

"தேனி மாவட்டம் எதுலயிருந்து பிரிஞ்சதுன்னு கேட்டிருந்தாகளே, என்ன எழுதுனீக?" என்றாள்.

"திண்டுக்கல்லு."

"இங்கனயே பொறந்து வளந்துட்டு திண்டுக்கல்லா? மதுரைங்க!"

"ஆன்சர் கீயிலயும் திண்டுக்கல்லுன்னுதான போட்டிருக்கு?"

அதைத்தான் அனுசுயாவால் பொறுக்க முடியவில்லை. மதுரைக்கு பஸ் ஏறினாள். வக்கீல் உமர் பாருக்கைப் பிடித்து உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டாள். ஜெயித்தும் விட்டாள்.

தேர்வு நடத்தியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டு, விஷயத்தை ஒரே போடாக முடித்தார்கள். அந்தக் கேள்விக்கு யார் எதை எழுதியிருந்தாலும் மார்க் உண்டு! இப்போது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சம மார்க். சம மார்க் என்றால் வயதில் மூத்தவருக்கே வேலை.

"ஆத்தா கௌமாரி, எம்மகனுக்கு வயச அள்ளிக் குடுத்தியே!" என்று வீரபாண்டிக் கோயில் இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டாள் மாமியார் மொக்கம்மாள்.

சரியாக எழுதியவர்களுக்கு மட்டுமே மார்க் என்று இன்னொரு வழக்குப் போடலாம். போட்டால் புருஷன் வேலை போய்விடும். அனுசுயாவுக்கு மனசு ஒப்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் அதைச் சொல்லிப் பார்த்தாள்.

தங்கபாண்டி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "என் வேலைக்கே வேட்டு வைக்கப் பாக்குறியா? தெம்பிருந்தா போட்டுப் பாரு!"

அவ்வளவுதான். அதுவரை அரைமனதாக இருந்தவள், அடுத்த பஸ்ஸிலேயே மதுரைக்குக் கிளம்பிவிட்டாள்.

சேதி சின்னமனூர் வரை பரவியது. "புருசன் பொழப்புல மண்ணள்ளிப் போடக் கோர்ட்டுக்குப் போறா" என்று மொக்கம்மாள் தனி அடுப்பு மூட்டினாள். தங்கபாண்டி அம்மா அடுப்பில் இட்லி வாங்கிக்கொண்டான். சட்னியை மட்டும் வாய் பேசாமல் அனுசுயா அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டான்.

விசாரணை நாளில் நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "எதிர்மனுதாரர் தங்கபாண்டிங்கிறது யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு ஐயா."

கோர்ட்டே சிரித்தது.

"நீ ஜெயிச்சா அவர் வேலை போயிடுமே?"

"அவுக வேற வேல தேடிக்கலாம் ஐயா. தேனியத் தூக்கித் திண்டுக்கல்லுக்குக் குடுத்துட்டா, படிக்கிற பிள்ளைககிட்ட இருந்து அதத் திரும்ப வாங்க முடியாது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தீர்ப்பு அவள் பக்கம் வந்தது.

நியமன ஆணை கிடைத்ததும் லட்டுப் பெட்டியோடு வக்கீல் ஆபீசுக்குப் போனாள் அனுசுயா. நரைத்த மீசைக் குமாஸ்தா அப்சல் ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"வீட்டுக்காரரு எப்படிம்மா இருக்காக?"

அவள் முகம் வாடியது. "இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் திரியிறாக. அவுக வேலையப் பறிச்சவ நானு. எப்படிச் சமாதானம் சொல்றதுன்னே தெரியல."

அப்சலுக்குச் சிரிப்பில் லட்டு புரையேறியது.

"இன்னுமா நடிக்கிறாக? 'நான் வேணாம்னு கத்துனாத்தான் அவ கேஸ் போடுவா, நீங்க மனுவ ரெடி பண்ணி வையுங்க'ன்னு ரெண்டாவது கேஸுக்கு நீங்க பஸ் ஏறுறதுக்கு முந்தியே எங்களுக்குப் போன் போட்டதே அவுகதானம்மா!"