அயர்லாந்து மாப்பிள்ளை என்ன கூட்டம்?

அருள்புரம்,
வெள்ளிக்கிழமை, கரண்ட் போன மத்தியானம்.

அன்புள்ள இந்துமதி கண்ணுக்கு, உன் தாய்மாமன் செந்தில்வேல் எழுதிக்கொண்டது. இங்கு காளை, உங்கய்யன், உங்கம்மா, நான் யாவரும் நலம். உங்கய்யன் எங்களை வைத்திருக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். அங்கு உன் நலமும் அந்த மழையின் நலமும் அறிய ஆவல். போன்லயே சொல்லியிருப்பேன். சொன்னா நீ அழுவே, அப்புறம் நானும் பனியன் மடிக்கிற எடத்துல நாலு பேர் முன்னால கண்ணைத் தொடைக்கோணும். அதனால பேக்கிங் அட்டையைக் கிழிச்சு எழுதறேன். ஆறாவதோட நின்னவன், பிழை இருந்தா பொறுத்துக்கோ.

கல்யாணம் நடக்காது போல இருக்குது கண்ணு.

நீ சொன்னபடிதான் பேச்சை எடுத்தேன். டப்ளின்ல உன்கூட வேலை பாக்கற பையன், பேரு டெக்லன், விவசாயக் குடும்பம், இந்துவுக்குப் புடிச்சிருக்குதுங்கன்னேன். உங்கய்யன் சம்பளம் கேக்கலை, என்ன சாமி கும்புடறாங்கன்னு கேக்கலை. காளைக்குத் தவிடு கரைச்சுக்கிட்டே, "என்ன கூட்டமாமா?"ன்னார். ஒரே கூட்டம்னா அண்ணன் தங்கச்சி மொறை, நம்மள்ல அது தெரியாம பொண்ணு குடுக்கறதுண்டா. நான் சும்மா இருந்திருக்கலாம். அவங்களுக்கும் கூட்டம் இருக்குதுங்க மச்சான், பேருக்கு முன்னால ஓ போட்டா இன்னாரு பேரன் வகையறான்னு அர்த்தமாமான்னு நீ அனுப்பின வாய்ஸை எடுத்து உட்டேன். அங்க புடிச்சுது சனி.

அன்னையில இருந்து தெனம் பொழுது சாய, அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் என்னாச்சுன்னு வந்து உக்காந்துக்கறார். நீ அனுப்பினதை நான் கொஞ்சம் கொஞ்சமா அவுத்து உட்டேன். நானூறு வருசத்துக்கு முன்னால இங்கிலாந்துக்காரங்களோட சண்டை போட்டுத் தோத்து, வடக்க இருந்த பெரிய தலைக்கட்டுக கப்பலேறிப் போயிட்டாங்க, திரும்பவே இல்லை, அவங்க காடுதோட்டத்துல இங்கிலாந்துக்காரங்க கடலுக்கு அந்தப் பக்கத்து ஆளுகளைக் குடி வெச்சுட்டாங்கன்னேன். போகும்போது மாட்டை அவுத்து உட்டுட்டுப் போனாங்களான்னு கேட்டார். எனக்கென்ன தெரியும், ஆமாங்கன்னுட்டேன். அன்னைக்கு அவருக்குச் சோறு எறங்கலை. அடுத்த நாள் குரோம்வெல்னு ஒருத்தன் பட்டாளத்தோட வந்தான். நெலம் வெச்சிருந்தவங்களை மேக்க ஆத்துக்கு அந்தப் பக்கம் கல்லுக்காட்டுக்குத் தொரத்திப்போட்டு, நல்ல பூமியைச் சிப்பாய்களுக்குச் சம்பளமாக் குடுத்தான்னேன். ஊடு எழவு ஊடு மாதிரி ஆயிப்போச்சு. யாரு செத்துட்டாங்கன்னு பக்கத்து ஊட்டுல கேக்கறாங்கடா, என்ன சொல்லட்டும்னு உங்கம்மா வந்து நின்னா. அயர்லாந்துன்னு சொல்லுக்கான்னேன். அதுக்கப்புறம் குதிரைச் சட்டம். மாதா கோயில்ல பழைய சபையிலயே, அதான் கத்தோலிக்கத்துலயே, இருக்கறவன் நல்ல குதிரை வெச்சிருந்தா, இங்கிலாந்து ராசா ஆரம்பிச்ச புது சபைக்காரன் எவன் வேணா அஞ்சு பவுண்டை நீட்டி அவுத்துக்கிட்டுப் போலாம். உங்கய்யன் பேசாம எந்திரிச்சுப் போய் காளையை ஊட்டுக்குப் பின்னால மாத்திக் கட்டிட்டு வந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கலை. அந்த வேகத்துல அடுத்த சட்டத்தையும் சொல்லிப்போட்டேன்.

பழைய சபைக்காரன் செத்தா நெலத்தை எல்லா மகனுக்கும் துண்டு போடோணும். மூத்தவன் மட்டும் ராசா சபைக்கு மாறிட்டா முழுசும் அவனுக்கு. சொல்லி முடிச்சப்புறந்தான் யாரு முன்னால சொன்னேன்னு உறைச்சுது. உன் பெரியப்பன் ஆத்தப்பன் சங்கதி உனக்கே தெரியும். கெணத்துக்கு லோன் வாங்கறக்குன்னு உங்கய்யன் அவருகிட்டக் கையெழுத்து வாங்கினார். கெணறும் வந்துது, தோட்டம் முழுக்கத் தம்பி பேருக்கும் வந்துது. இன்னைக்கு அண்ணன் பல்லடம் ரோட்டுல ஒரு கம்பெனி கேட்டுல வாட்ச்மேன். நீ பொறந்ததுக்குக்கூட அவரு வரலை, அவரு ஊட்டு எழவுக்கும் இவரு போகலை.

உங்கய்யன் துண்டை ஒதறித் தோள்ல போட்டார். அப்புறம், "அந்தப் பையன் மாறின மூத்தவன் வகையறாவா, மாறாத தம்பிக வகையறாவா, கேட்டுச் சொல்லு"ன்னார். நான் உன்னைக் கேட்டேன், நீ அவனைக் கேட்டே. மகராசன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மாறினவன் வழிதான், அதனாலதான் இன்னும் காடு இருக்குது, தம்பிக வழி எங்க போச்சுன்னே தெரியலைன்னுட்டான். மாப்பிள்ளைக்குக் காடு இருக்குதுங்கறதுக்காகவே பொண்ணு குடுக்க மாட்டேன்ன மனுசனை நம்ம பக்கத்துல நான் இப்பத்தான் பாக்கறேன். "தம்பிக வயித்துல அடிச்சவன் ஊட்டுல எம்புள்ள சோறு திங்க வேண்டாம்"னார். இத்தனை நாளும் அது எந்த ஊட்டுலீங்க தின்னுதுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துது. என் ஆயுசுல நான் வாயை மூடினது அன்னைக்குத்தான்.

ஆகையால் மனதைத் தேற்றிக்கொள். அந்தப் பையனுக்குப் பக்குவமாகச் சொல்லு, அவங்க சனம் நானூறு வருசமாக் கேக்காத கெட்ட சேதியா. டிக்கெட் போட்டிருந்தா கேன்சல் பண்ணிப்போடு. மழையில் தலையை நனைக்காதே. நம்ம குலசாமி உனக்குத் துணை இருக்கும். உங்கம்மா முன்னால நிக்கறக்கு எனக்குத்தான் ஒரு துணை வேணும்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட மாமன்,
செந்தில்வேல்.

பி.கு.: அட்டையைப் போட்டோ எடுக்கப் போறப்போ உங்கம்மா மூச்சு வாங்க வந்தா. காலைல மொபெட்டை எடுத்துக்கிட்டுப் போன உங்கய்யன், உன் பெரியப்பன் கம்பெனி கேட்டுல போய் நின்னாராமா. அந்தப் பையன் கேட்டதும் ஒளிக்காமச் சொல்லிட்டானான்னு நேத்து ரெண்டு தடவை கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கோணும். பெரியப்பனுக்குக் கண்ணுல பொரை, ஆளு அடையாளம் தெரியலை. யாரைப் பாக்கோணுங்கன்னிருக்கார். "உன்னத்தானுங்கண்ணா. இந்துவுக்குக் கல்யாணம். நீதான் முன்னால நின்னு பண்ணோணும்." அவரு, டூட்டி முடிய நேரமாகும், உக்காருன்னு தன்ற ஸ்டூலை நவுத்திப் போட்டாராமா. மேல எழுதினதையெல்லாம் அடிச்சுப்போடு, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணாதே. நான் இப்பப் போய்ப் பாத்துட்டுத்தான் வரேன். பெரியப்பன் வெயில்ல நின்னுக்கிட்டு இருக்கார். அந்த ஸ்டூல்லயும் உங்கய்யன்தான் உக்காந்திருக்கார்.